ஒரு ரேடியேட்டரின் ஐம்பது கோடைகள்

நயாகரா அருவிக்குக் கிழக்கே முப்பது கிலோமீட்டர் அளவில் லாக்போர்ட் என்ற ஊர் இருக்கிறது. ஈரி கால்வாயில் வரும் படகுகளை மேட்டின்மேல் ஏற்றிவிட அங்கே அடுக்கடுக்காக மதகுகள் கட்டினார்கள். ஊர் வளர்ந்தது அதனால்தான். 1910-ல் ஹெர்பர்ட் ஹாரிசன் என்பவர் அங்கே ரேடியேட்டர் செய்யும் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். அவர் பிறந்தது கல்கத்தாவில். எட்டே ஆண்டுகளில், 1918-ல், அந்தத் தொழிற்சாலை ஜெனரல் மோட்டார்ஸின் கைக்குப் போயிற்று. அதன்பிறகு பல பத்தாண்டுகளுக்கு செவ்ரலே, பியூக், கேடிலாக் என்று அந்நிறுவனத்தின் வண்டிகள் பலவற்றின் நெற்றிக்குப் பின்னால் ஹாரிசன் என்ற பெயர் பொறித்த பித்தளைத் தொட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது.

அப்படி லாக்போர்ட்டில் உருவாகி, டெக்சாஸில் உழைத்து ஓய்ந்த ஒரு ரேடியேட்டரின் கதை இது. அது பொருத்தப்பட்ட வண்டி 1970-ம் ஆண்டு செவ்ரலே சி10 பிக்கப். சான் ஆன்டோனியோவில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருக்கும் ஒருவருடையது. அவருடைய அப்பா புதிதாக வாங்கிப் பண்ணையில் ஓட்டிய வண்டி. பழைய வண்டியைப் புதுப்பிக்கிறவர்கள் இன்ஜினைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள்; வண்ணப்பூச்சைப் பற்றி இன்னும் அதிகம் பேசுவார்கள். ரேடியேட்டரோ, நடு ரோட்டில் ஆவி கிளம்பினால்தான் நினைவுக்கு வரும். இந்த வண்டியின் பாகங்களில் என்னை மிகவும் கட்டிப்போட்டது அதுதான். ஒரு தொழிலின் எழுச்சியும் மறைவும் அந்த ஒரு பாகத்தின் உடம்பில் எழுதப்பட்டிருக்கிறது.

ரேடியேட்டர் என்ற சாதனம் காருக்கு வந்த விதம் சுவையானது. ஆரம்ப காலத்துக் கார்களில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். ஓட்டுகிறவர் வழியில் நிறுத்தி நிறுத்தி ஊற்றிக்கொண்டே போக வேண்டும். 1900-ம் ஆண்டை ஒட்டி டைம்லர் நிறுவனத்தில் வில்ஹெல்ம் மேபாக் தேன்கூட்டு ரேடியேட்டரை வடிவமைத்தார். 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காரில் அது ஏறியது. 8,070 சிறு சதுரக் குழாய்களைச் சேர்த்துப் பற்றவைத்த பெட்டி அது. குழாய்களுக்குள் காற்று போகும். அவற்றைச் சுற்றித் தண்ணீர் ஓடும். இருந்த இடம் கொஞ்சம், காற்று தொடும் பரப்போ மிக அதிகம். ஒன்பது லிட்டர் தண்ணீரே அந்த இன்ஜினுக்குப் போதுமானதாயிற்று. ரேடியேட்டர் என்ற பொருளின் முழுச் சூட்சுமமும் அந்தப் பெட்டியிலேயே இருக்கிறது: வெப்பத்தை ஏற்றிக்கொள்ளத் தண்ணீர், அதைப் பறித்துக்கொண்டு போகக் காற்று, நடுவே எவ்வளவு பரப்பை விரித்துவைக்க முடியுமோ அவ்வளவு உலோகம்.

1970-க்குள் தேன்கூடு போய்க் குழாயும் தகடும் வந்துவிட்டன. இப்போது தண்ணீர் குழாய்க்குள், காற்று வெளியே. மெல்லிய பித்தளைத் தகட்டை மடித்து, அரை அங்குல அகலத்தில் தட்டையான குழாயாக்குவார்கள். காகிதத்தைவிட மெல்லிய செம்புத் தகட்டை நெளிநெளியாக மடித்துக் குழாய்களுக்கு இடையே வைப்பார்கள். இரண்டு பக்கமும் பித்தளைத் தலைத்தகடு, அதன்மேல் பித்தளைத் தொட்டி. இத்தனையையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு. கடைசியில் கறுப்பு வண்ணம். செம்பு வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் வல்லது. பித்தளையை வளைப்பது எளிது. பற்றாசு போன இடத்தில் மறுபடி வைக்கலாம். இந்தக் கடைசிக் குணம்தான் இந்த ரேடியேட்டரின் ஆயுளை நிர்ணயித்தது.

ஒன்று சொல்ல வேண்டும். பின்னாளில் செம்பை விரட்டப்போகும் உலோகமும் லாக்போர்ட்டுக்குப் பக்கத்திலேயேதான் வளர்ந்தது. நயாகரா அருவியின் மின்சாரத்தை 1895-ல் முதன்முதலாக வாங்கியது அலுமினியம் உருக்கும் பிட்ஸ்பர்க் ரிடக்‌ஷன் கம்பெனி. பிற்பாடு அல்கோவா என்று உலகம் அறிந்த நிறுவனம். ஹாரிசன் தொழிற்சாலையும் 1960-களின் தொடக்கத்திலேயே கார்வெட் ஸ்போர்ட்ஸ் காருக்கு அலுமினிய ரேடியேட்டர் செய்து கொடுத்தது. அதாவது அலுமினியத்தில் ரேடியேட்டர் செய்ய அவர்களுக்கு அப்போதே தெரியும். ஆனால் அது விலை உயர்ந்த காருக்கு. பண்ணை வண்டிக்குச் செம்பும் பித்தளையும்.

நம் ரேடியேட்டர் லாக்போர்ட்டிலிருந்து மிசௌரி மாநிலத்து செயின்ட் லூயிஸுக்குப் போனது. வண்டியின் அடையாள எண் சிஇ140எஸ் என்று தொடங்குகிறது. இரண்டு சக்கர இழுவை, வி8 இன்ஜின், அரை டன், பிக்கப், 1970, செயின்ட் லூயிஸ் என்று இடமிருந்து வலமாகப் படித்துவிடலாம். அதே செயின்ட் லூயிஸ் வளாகத்தில்தான் கார்வெட்டும் தயாரானது.

அங்கே அதற்கு வாய்த்த இன்ஜின் 350 கன அங்குலம், நம் கணக்கில் 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர். கம்பெனி சொன்ன திறன் 255 குதிரை. பெட்ரோல் எரிந்து வரும் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றப் போகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. மீதியில் பெரும்பகுதி தண்ணீரின் தலையில் விழுகிறது. ஆக, வண்டியை ஓட்டும் அளவுக்கு ஈடான ஒரு வெப்பத்தை ரேடியேட்டர் ஓயாமல் காற்றில் கரைத்துக்கொண்டிருக்க வேண்டும். இது குறுக்கோட்ட ரேடியேட்டர்: தொட்டிகள் மேலும் கீழும் இல்லை, இடமும் வலமும் இருக்கின்றன. சூடான தண்ணீர் ஒரு பக்கம் நுழைந்து, 28 அங்குலத்தை ஒட்டிய அகலத்தைக் கடந்து, மறுபக்கம் வெளியேறும். வண்டியின் கியர் ஆட்டோமேடிக் என்பதால், குளிர்ந்த பக்கத்துத் தொட்டிக்குள்ளேயே கியர் ஆயிலைக் குளிர்விக்கும் சிறு குழாய் ஒன்று உண்டு.

தலையில் இருக்கும் மூடியை யாரும் பொருட்படுத்துவதில்லை. பிரஷர் குக்கரின் வெயிட் செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் வரை அடக்கிப்பிடிக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 121 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி எத்திலின் கிளைக்கால் கலந்தால் 129 டிகிரி வரை தாங்கும். மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் ஒழுகினால், நல்ல ரேடியேட்டரும் 100 டிகிரியை ஒட்டியே பொங்கிவிடும். வண்டி சூடாகிறது என்று வருகிறவர்களில் எத்தனையோ பேருக்குத் தீர்வு, கைக்கு அடக்கமான இந்த மூடியில் இருக்கிறது. அதை மாற்றிப் பார்க்காமல் ரேடியேட்டருக்குப் பணம் கட்டுவது வீண்.

இனி டெக்சாஸ். சான் ஆன்டோனியோவின் குடிநீரில் பெரும்பகுதி எட்வர்ட்ஸ் நீர்த்தேக்கப் பாறைகளிலிருந்து வருகிறது. சுண்ணாம்புப் பாறை அது. ஒரு லிட்டரில் 250 மில்லிகிராமுக்கு மேல் கடினத்தன்மை கொண்ட தண்ணீர். இங்கே குளியலறைக் குழாயின் வாய் சில மாதங்களில் வெள்ளை பூத்துவிடும். வடமேற்கே மலைப்பாங்கான பண்ணை நிலங்களிலும் கிணற்றை ஆழமாகத் தோண்டினால் இதே சுண்ணாம்பு நீர். அந்தக் குடும்பத்துப் பெரியவர் நாற்பது ஆண்டுகளாக ரேடியேட்டரில் ஊற்றியது அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான். பனி கொட்டும் ஊர் இல்லையே, உறைநீர்த் தடுப்பானுக்கு எதற்குச் செலவு என்பது அவர் கணக்கு. கூலன்ட் என்பது உறையாமல் இருக்க மட்டும் என்ற நினைப்பு இங்கேயும் உண்டு, நம் ஊரிலும் உண்டு. அதிலிருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்துதான் வெப்ப நாட்டுக்காரர்களுக்கு முக்கியம்.

தண்ணீர் கொதித்து ஆவியாகும்போது சுண்ணாம்பு பின்தங்கிவிடுகிறது. ஆவியானதற்கு ஈடாக ஊற்றும் தண்ணீர் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பைக் கொண்டுவருகிறது. பித்தளைக் குழாயின் உள்சுவரில் அது படியப் படிய, இரண்டு கெடுதல்கள். ஒன்று, வழி குறுகுகிறது. இரண்டு, சுண்ணாம்புப் படிவம் பித்தளையைவிடப் பல பத்து மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். ஆகவே தண்ணீர் ஓடினாலும் சூடு வெளியே வராது. வெளிப்புறத்தில் வேறொரு கதை. வெட்டுக்கிளி, புல்விதை, மேய்ச்சல் நிலத்துப் புழுதி எல்லாம் செம்புத் தகடுகளுக்கு நடுவே போய்ச் சிக்கிக் காற்றை மறிக்கின்றன. குண்டும் குழியுமான பாதையில் வண்டி அதிர அதிர, குழாய் தலைத்தகட்டில் சேரும் மூட்டுகளில் பற்றாசு கீறுகிறது. கூலன்ட்டின் தடுப்பு மருந்து இல்லாத தண்ணீர் ஈயத்தை அரிக்கிறது. மூட்டில் வெளிறிய பொருக்கு கட்டுகிறது. இப்படித்தான் ஒரு செம்பு ரேடியேட்டர் சாகிறது. திடீரென்று சாவதில்லை, கோடைக்குக் கோடை கொஞ்சம் கொஞ்சமாக.

சாக விடாமல் பிடித்துவைத்திருந்தவர்கள் ரேடியேட்டர் கடைக்காரர்கள். ஒரு காலத்தில் அமெரிக்காவின் சிற்றூர்களில்கூட ரேடியேட்டர் மட்டுமே பார்க்கும் கடை இருக்கும். சென்னையில் புதுப்பேட்டைப் பக்கம் பார்த்திருப்பீர்களே, அதே தொழில், அதே வாசனை. அவர்கள் செய்த வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் செய்கிறவர்கள் இப்போது மிகக் குறைவு.

முதலில் ரேடியேட்டரின் வாய்களை அடைத்து, காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்குவார்கள். குமிழி வரும் இடம் ஓட்டை. அழுக்கு உள்ளே இருந்தால் காரக் கரைசல் கொதிக்கும் தொட்டியில் ஊறவைப்பார்கள். அதற்கும் அசையாத சுண்ணாம்பு என்றால், டார்ச் கொண்டு பற்றாசை உருக்கித் தொட்டியைக் கழற்றுவார்கள். இப்போது குழாய்களின் வாய்கள் வரிசை வரிசையாகத் தெரியும். நீண்டு மெலிந்த தட்டையான எஃகுக் கம்பியை ஒவ்வொரு குழாயிலும் நுழைத்து, அந்தப் பக்கம் வரை தள்ளித் தள்ளிச் சுத்தம் செய்வார்கள். ஒரு ரேடியேட்டரில் நூற்றுக்கு மேல் குழாய்கள் இருக்கும். ஒன்றையும் விடக் கூடாது, ஒன்றையும் கிழிக்கவும் கூடாது. குழாய்ச் சுவர் அவ்வளவு மெல்லியது. பிறகு மூட்டுகளை அமிலம் தடவித் துலக்கி, புதுப் பற்றாசு ஓடவிட்டு, தொட்டியை மறுபடி உட்காரவைத்து, மீண்டும் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பார்கள். நல்ல கைக்காரர் செய்த வேலை இன்னொரு பத்துக் கோடையைத் தாங்கும். குழாயும் தகடும் சேர்ந்த நடுப்பகுதியான கோர் முழுக்கத் தேய்ந்திருந்தால் தொட்டிகளை மட்டும் வைத்துக்கொண்டு புதுக் கோர் போடுவார்கள்.

நம் ரேடியேட்டரின் ஹாரிசன் தொட்டியில் ஓரமாக வெள்ளிநிறத்தில் பற்றாசு வழிந்து உறைந்த தடங்கள் உண்டு. தொழிற்சாலையின் நேர்த்தியான கோடு ஒன்று, அதன்மேல் ஒரு பட்டறைக்காரரின் கை, அதற்கும் மேல் வேறொருவரின் கை. யார் என்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் வண்டி ஓடியது அவர்களால்.

அந்தக் கைகள் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். பற்றாசு உருகும்போது எழும் புகையில் ஈயம். டார்ச்சின் மேல் குனிந்து நாள் முழுக்க வேலை பார்த்த ரேடியேட்டர் தொழிலாளர்களின் இரத்தத்தில் ஈயம் ஏறியதை அமெரிக்க ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. வேலையிடக் காற்றில் ஈயத்துக்கு அந்நாடு 1978-ல் வரம்பு விதித்தது: ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம். அந்த வரம்பு தேவைதான். பழைய கடைகளின் மறைவுக்காக வருந்துகிற நான், காற்றோட்டமில்லாத அந்தக் கொட்டகைகளுக்காக வருந்தமாட்டேன்.

கடைகள் மறைந்ததற்கு முதல் காரணம் சட்டம் இல்லை, கார்களே மாறியதுதான். 1970-களில் ஐரோப்பியக் கார்களிலும், 1980-களில் அமெரிக்கக் கார்களிலும் அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் தொட்டியும் பரவின. பிளாஸ்டிக் தொட்டியைத் தலைத்தகட்டோடு ரப்பர் வைத்து மடித்துக் கவ்வியிருப்பார்கள். உடைந்தால் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதுதான் வழி. பற்றவைக்க ஒன்றுமில்லாத ரேடியேட்டருக்குப் பற்றவைப்பவர் எதற்கு?

நம் ரேடியேட்டருக்கும் ஒரு ஆகஸ்டில் முடிவு வந்தது. வெளியே 39 டிகிரி. சிக்னலில் நின்றால் முள் ஏறும், நெடுஞ்சாலையில் ஓடினாலும் ஏறும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்வது பழைய வண்டிக்காரர்களுக்கு அவசியம். நிற்கும்போது மட்டும் சூடானால் குறை காற்றில்: ஃபேன், அதைச் சுற்றியிருக்கும் கூடு, தகடுகளின் அடைப்பு. ஓடும்போது சூடானால் குறை தண்ணீரில்: அடைத்த குழாய், தேய்ந்த பம்ப், உறிஞ்சலில் சப்பிப்போகும் கீழ் ஹோஸ். இரண்டிலும் சூடானால் அநேகமாக ரேடியேட்டரின் காலம் முடிந்தது. இந்த வண்டியில் பின்னாளில் ஏசி வேறு பொருத்தியிருந்தார்கள். ஏசியின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும். அது கக்கும் சூடான காற்றுதான் ரேடியேட்டருக்கு வரும் காற்று. கோரைத் தொட்டுப் பார்த்தால் நடுவில் சூடு, கீழ்ப்பாதி முழுக்க வெதுவெதுப்புகூட இல்லை. கீழ்க் குழாய்களில் தண்ணீரே ஓடவில்லை.

மகன் முதலில் தேடியது பழைய முறையில் சரிசெய்கிறவரை. ஊருக்கு வெளியே ஒருவர் இன்னும் டார்ச் பிடிக்கிறார். பார்த்துவிட்டு, குழாய்ச் சுவர்கள் கம்பி தாங்காது, புதுக் கோர்தான் போட வேண்டும் என்றார். செம்பின் விலையில் இன்று புதுக் கோர் என்பது பெரும்பாலும் ஒரு முழு அலுமினிய ரேடியேட்டரின் விலையைத் தாண்டிவிடுகிறது. அலுமினியம் என்று முடிவாயிற்று.

இங்கே ஒரு புதிர். செம்புதான் நல்ல கடத்தி என்றால் அலுமினிய ரேடியேட்டர் எப்படி மேலாகக் குளிர்விக்கிறது? விடை குழாயின் அகலத்தில் இருக்கிறது. பித்தளைக் குழாயை அரை அங்குலத்துக்கு மேல் அகலமாக்கினால் அழுத்தத்தில் உப்பும். பற்றாசு மூட்டு பிரியும். ஆகவே கனமான வேலைக்கு அரை அங்குலக் குழாய்களை மூன்று, நான்கு வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினார்கள். வரிசைகளுக்கு இடையே வீணாகும் இடைவெளி. பின்வரிசைக்குக் கிடைப்பது முன்வரிசைகள் சூடாக்கிவிட்ட காற்று. அலுமினியத்தில் ஒரு அங்குல அகலக் குழாய் போடலாம். அப்படி இரண்டே வரிசை, பழைய நான்கு வரிசைக்கு ஈடாகத் தகடுகளைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதோடு பற்றாசு கிடையாது. தகட்டின்மேல் சிலிக்கான் கலந்த மெல்லிய மேல்பூச்சு இருக்கும். சுமார் 600 டிகிரி உலையில் அந்தப் பூச்சு மட்டும் உருகிக் குழாயையும் தகட்டையும் ஒரே உடம்பாக்கிவிடும். பற்றாசு வெப்பத்தைச் சுமாராகத்தான் கடத்தும். அந்தத் தடை இங்கே இல்லை.

விளம்பரங்கள் வரிசைகளின் எண்ணிக்கையை உரக்கச் சொல்லும். குழாயின் அகலத்தைக் கேளுங்கள், தொட்டி மூட்டு உலையில் இணைத்ததா, வெல்டு செய்ததா, எபாக்ஸி பசை பூசியதா என்று கேளுங்கள். பசையில் நிற்கும் மலிவு ரேடியேட்டரை வாங்கிப் பழைய வண்டியில் மாட்டுவதைவிட, பழைய செம்பைக் கழுவித் துடைத்து மெதுவாக ஓட்டுவது மேல்.

மாற்றும் வேலையில் ரேடியேட்டரைக் கழற்றுவது எளிய பகுதி. சி10-ல் அது கீழே ரப்பர் மெத்தைகளில் உட்கார்ந்திருக்கிறது. மேலே ஒரு தகடு அழுத்திப் பிடிக்கிறது. ஆயில் குழாய்களின் நட்டுகளுக்கு இரண்டு ஸ்பேனர் போட வேண்டும். ஒன்றால் பிடித்து ஒன்றால் திருகாவிட்டால் குழாய் முறுக்கிக்கொள்ளும். புது ரேடியேட்டரின் கனம் பழையதோடு ஒத்துப்போகாவிட்டால் ரப்பர் மெத்தைகளையும் மாற்ற வேண்டிவரும். தடித்த கோர் ஃபேனை நெருங்கும். இன்ஜின் குலுங்கும்போது இறக்கை உரசாமல் ஒரு அங்குலமாவது இடைவெளி வேண்டும்.

நேரம் பிடித்தது இன்ஜினுக்குள் இருந்த மண். வார்ப்பிரும்பு பிளாக்கின் இரண்டு பக்கமும் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கிறது. இரண்டையும் கழற்றினோம், ஒரு சொட்டு வரவில்லை. உள்ளே துருவும் சுண்ணாம்பும் சேர்ந்து இறுகியிருந்தன. கம்பியால் குத்திக் குத்தி, ஹோஸ் தண்ணீரைப் பாய்ச்சி, செம்மண் நிறத்தில் வந்தது தெளியும்வரை கழுவ வேண்டியிருந்தது. இதைச் செய்யாமல் புது ரேடியேட்டரை மாட்டுகிறவர்கள் பலர். பழைய இன்ஜினின் அழுக்கெல்லாம் முதல் மாதத்திலேயே புதுக் குழாய்களுக்குள் குடியேறிவிடும். மேல் ஹோஸில் வடிகட்டி வைக்கிறவர்களும் உண்டு; நல்ல பழக்கம்.

தெர்மோஸ்டாட்டையும் புதிதாகப் போட்டார்கள். 195 ஃபாரன்ஹீட், அதாவது 90 டிகிரி செல்சியஸ் சுமாருக்குத் திறப்பது. சூடாகும் வண்டிக்கு 160-ல் திறப்பதைப் போடச் சொல்லும் யோசனை எங்கும் கேட்கும். அது இன்ஜினின் குறைந்தபட்சச் சூட்டைத்தான் தீர்மானிக்கும். வெளியேற்றும் திறனைக் கூட்டாது. அதையே கழற்றிவிட்டு ஓட்டுவது இன்னும் மோசம். தடையில்லாத ஓட்டத்தில் பிளாக்குக்குள் அழுத்தம் குறைந்து, சிலிண்டர் தலையின் சூடான இடங்களில் ஆவிக்குமிழி கட்டும்.

என் பார்வையில் இந்த மேம்பாட்டில் பாதிப் பலன் ஃபேன் கூட்டால் கிடைத்தது. பழைய கூடு உடைந்ததென்று பண்ணையில் எப்போதோ தூக்கியெறிந்திருந்தார்கள். கூடு இல்லாத ஃபேன் தன் வட்டத்துக்கு நேரே இருக்கும் காற்றை மட்டும் இழுக்கும்; கோரின் நான்கு மூலைகளும் சும்மா இருக்கும். கூடு பொருத்தினால் கோர் முழுவதிலிருந்தும் இழுத்தாக வேண்டும். இறக்கைகளின் பாதி கூட்டுக்கு உள்ளேயும் பாதி வெளியேயும் நிற்கும்படி வைப்பது வழக்கம். ரேடியேட்டருக்குச் செலவழிக்கிறீர்கள் என்றால் கூட்டுக்கும் பணம் ஒதுக்கிவையுங்கள். பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், பழைய ரேடியேட்டர் ஒழுகாமலிருக்கும் பட்சத்தில் கூட்டை முதலில் வாங்குங்கள்.

அலுமினியத்துக்கு அதற்கே உரிய எதிரி உண்டு: ஓடக்கூடாத வழியில் ஓடும் மின்சாரம். ஐம்பது வருட வண்டியில் எர்த் ஒயர்கள் துருப்பிடித்திருக்கும். ஹெட்லைட்டின், ஹாரனின் மின்சாரம் திரும்பிப் போக வேறு வழியில்லாமல் கூலன்ட் வழியாகப் போனால், அலுமினியம் ஊசித்துளைகளாக அரிபடும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்து மறுமுனையைக் கூலன்ட்டில் தொட்டுப் பார்க்கலாம். எல்லா விளக்கும் எரியும்போதும் 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. இந்த வண்டியில் தாண்டியது. எர்த் ஒயரை மாற்றிய பிறகு அடங்கியது. கிணற்றுத் தண்ணீருக்கும் தடை போட்டாயிற்று. காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. 1970 மாடலில் பொங்கும் நீர் சிறு குழாய் வழியே தரையில் ஊற்றும். இப்போது அதைப் பிடித்துத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் ஒரு பாட்டில் வைத்திருக்கிறார்கள். அது தண்ணீரை மிச்சப்படுத்த மட்டும் இல்லை. எத்திலின் கிளைக்கால் இனிக்கும். தரையில் தேங்கியதை நக்கும் நாயின் சிறுநீரகத்தைக் கொன்றுவிடும்.

அடுத்த ஆகஸ்டில் ஏசி ஓட, சிக்னலில் நின்று பார்த்தார்கள். முள் நடுவை விட்டு நகரவில்லை.

லாக்போர்ட் தொழிற்சாலை 1999-ல் டெல்ஃபை என்ற நிறுவனத்தோடு ஜெனரல் மோட்டார்ஸை விட்டுப் பிரிந்து, 2009-ல் திரும்பவும் அதன் கைக்கே வந்தது. அங்கிருந்து வந்த நம் பழைய ரேடியேட்டருக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று எடைக்குப் போடுவது. அமெரிக்கப் பழைய உலோக வணிகத்தில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு குறிச்சொல் உண்டு. பற்றாசு உருக்கி எடுக்காத கார் ரேடியேட்டர்களுக்கு ‘ஓஷன்’ என்று பெயர். அந்தச் சரக்கில் அலுமினியம் கலக்கக் கூடாது. உலகின் பல மூலைகளிலிருந்து வரும் பித்தளைக் கழிவு குஜராத்தின் ஜாம்நகருக்குக் கப்பலேறுகிறது. அங்கே உருகிக் குழாய்த் திருகாகவும் பிளக் முனையாகவும் மாறுகிறது. செம்புக்கும் பித்தளைக்கும் அது கெட்ட முடிவு இல்லை.

மகன் எடைக்குப் போடவில்லை. ஹாரிசன் பெயர் பொறித்த தொட்டிகள் இன்னும் நேராக இருக்கின்றன. டார்ச் பிடிக்கும் அந்தப் பட்டறைக்காரரிடம் அவற்றைக் கொடுத்து, வசதி வரும்போது புதுச் செம்புக் கோர் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் பழைய ஜீப்பின், அம்பாசடரின், லாரியின் பித்தளைத் தொட்டி ரேடியேட்டர் ஏதாவது சாய்த்து வைத்திருந்தால், காயலான் கடைக்கு அனுப்புவதற்கு முன்பு அதைக் காற்றேற்றிச் சோதிக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒரு தரம் காட்டுங்கள். தொட்டி நன்றாக இருந்தால் கோர் மாற்றிக்கொள்ளலாம். அந்த வேலை தெரிந்தவர் உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார் என்றால், அவரிடம் வேலை கொடுங்கள்.